வான் பற்றரியில் ஓர் ஒத்திகை

ஒரு பழைய வான் பற்றரி, ஒரு சின்ன ரீவியையும் ஒரு கொம்பியூட்டரையும் எவ்வளவு நேரம் தாங்கும்? ஐந்து வருடங்களாக இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. தெரிந்தவர்கள் இல்லாத ஊரல்ல இது. சந்தியில் பற்றரி திருத்துகிற கடை ஒன்று இருக்கிறது. அந்தக் கடை வாசல்வரை போயும் இருக்கிறேன். “ஏன் தங்கச்சி கேக்கிறீர்?” என்று கடைக்காரர் திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்து, மண்ணெண்ணெய் எங்கே கிடைக்கும் என்று மட்டும் விசாரித்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

இதை எழுதுகிற மேசையில் ஒரு வயர் கிடக்கிறது. சிவப்பும் கறுப்புமாக முறுக்கிய இரட்டை வயர். அதன் முனைகளில், பற்றரியின் தலையைக் கவ்விப் பிடிக்கும் பல்லு வைத்த இரண்டு கிளிப்புகள், ஒன்றுக்குச் சிவப்பு உறை, மற்றதுக்குக் கறுப்பு உறை. உறைகள் வெடித்து, உள்ளே துருப்பிடித்துவிட்டது. இடம்பெயர்ந்து வந்து நாங்கள் இருக்கும் இந்த வீட்டில் மின்சாரம் இல்லை. ரேடியோவுக்குப் போடும் பற்றரிக் கட்டைகளும் கிடைப்பதில்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து இந்த வயரால் ரேடியோவுக்குக் கொடுத்துத்தான் செய்தி கேட்கிறோம். எந்தக் கிளிப் எங்கே கவ்வ வேண்டும் என்று என் ஐந்து வயது மகனுக்குத் தெரியும். இந்த வயரைச் செய்தவர் யார் என்று தெரியாது.

செய்தவர் என் கணவரின் அக்கா. எனக்கு மச்சாள். கொழும்பில் ஒரு பெரிய அலுவலகத்தில், ஓர் அறையை முழுதாக அடைத்துக்கொண்டு நின்ற கொம்பியூட்டர்களுக்குப் புரோகிராம் எழுதும் வேலையில் இருந்தவர். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு கப்பலில், கைப்பை ஒன்றோடு மட்டும், தீவிலுள்ள எங்கள் ஊரான கரம்பொனுக்கு வந்து சேர்ந்தார். அங்கே என்ன நடந்தது, எங்கே ஒளிந்திருந்தார், என்ன பார்த்தார் என்று எவருக்கும் சொன்னதில்லை. நான் அந்த வீட்டுக்குக் கலியாணம் கட்டி வந்த புதிதில் ஒருமுறை கேட்டேன். “ஒரு புரோகிராம் பாதியிலை நிக்குது. அதுதான் கவலை,” என்றார். பகிடியா உண்மையா என்று என்னால் பிடிக்க முடியவில்லை. மச்சாளின் முகம் எப்போதும் அப்படித்தான்.

தொண்ணூறு தொடக்கத்தில் சண்டை ஓய்ந்து பாதைகள் திறந்திருந்த சில மாதங்களில், லண்டனில் இருந்த அவருடைய ஒன்றுவிட்ட தம்பி ஆள் மூலம் ஒரு சின்னக் கொம்பியூட்டரை அனுப்பினார். சிலேற்றைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி. அதை வீட்டிலிருந்த சின்ன ரீவியில் கொழுவினால், தட்டும் எழுத்து ரீவியில் வரும். எழுதிய புரோகிராமைப் பாட்டுக் கசெற்றில் பதிந்து வைக்கலாம். மச்சாளின் அம்மா, என் மாமி, அதைப் பார்த்துவிட்டு, “இதுக்கோ இவ்வளவு கடதாசி சுத்தி அனுப்பினவன்? ஒரு சீலையெண்டாலும் வைச்சிருக்கலாம்,” என்றார். மச்சாள் அன்று முழுதும் சாப்பிட எழும்பவில்லை.

ஊர்ப் பள்ளிக்கூடத்து உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் வகுப்பு வைப்பது என்று அவர் முடிவெடுத்தார். நான் அதே பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்துவிட்டு, பிள்ளைப்பேற்று விடுமுறையில் இருந்தேன். அதனால் மண்டபத்துக்கு அதிபரிடம் கேட்கும் வேலை என்னிடம் வந்தது. “என்னத்தைப் படிப்பிக்கப் போறா?” என்று அதிபர் கேட்டார். “ஒண்டும் எழுதாத ரீவியை வைச்சு, பிள்ளையளுக்கு முன்னாலேயே தட்டித் தட்டிப் புரோகிராம் எழுதிக் காட்டப்போறா சேர்,” என்றேன். “பிழைச்சுப் போனால்?” என்றார். எனக்கும் அதே பயம்தான். வீட்டுக்கு வந்து மச்சாளிடம் சொன்னபோது அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “பிழைக்கத்தான் வேணும். ரீச்சருக்குப் பிழைச்சு, ரீச்சர் அதைத் திருத்துறதைப் பாத்தால்தான் பிள்ளையள் மிசினுக்குப் பயப்பிடாதுகள்.”

ஆனி மாதம் மறுபடி சண்டை தொடங்கியது. மின்சாரம் போனது போனதுதான். கொழும்பில் வேலை செய்த என் கணவரால் வர முடியவில்லை. வகுப்பும் நின்றுவிடும் என்று நினைத்தேன். உண்மையில் எனக்கு அது ஆறுதலாகவும் இருந்தது. ஆனால் மச்சாள், “கரண்டு வரட்டும் எண்டு பாத்துக்கொண்டிருந்தால் இதுகளுக்குப் பேரப்பிள்ளையளும் வந்திடும்,” என்று சொல்லிவிட்டு, அடுத்த வளவு வான்கார அண்ணையிடம் போனார்.

அவரை எல்லோரும் வான்கார அண்ணை என்றுதான் சொல்வோம். ஊர்காவற்றுறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வாடகைக்கு ஓடிய பழைய வான். பெற்றோல் இல்லாததால் அந்த நாட்களில் அது முற்றத்து வேம்பின் கீழ் நின்றது. அவசரத்துக்கு மட்டும், கொஞ்சம் பெற்றோலில் தொடக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடும். மச்சாள் பற்றரியை ஒரு காலைப்பொழுதுக்குக் கேட்டதும் அவர் சிரித்தார்.

“தங்கச்சி, உந்தப் பெட்டி சோறு வடிக்குமோ?”

“வடிக்காது அண்ணை. ஆனா உங்கடை வானை விடக் கெதியா ஸ்ரார்ட் வரும்.”

“சனிக்கிழமை காலமை எடுங்கோ. வெள்ளி ஒரு பத்து நிமிசம் கொழுவிப் பாருங்கோ, அதுக்கு மேலை வேண்டாம். எஞ்சினை ஓடவிட்டுச் சார்ஜ் ஏத்த எண்ணெயில்லை. ஆத்திரம் அந்தரத்துக்கு இந்தப் பக்கத்திலை உள்ளது என்ரை வான்தான்.”

“பத்து நிமிசம் காணும் அண்ணை,” என்றார் மச்சாள். நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலியோரம் நின்றேன்.

வெள்ளிக்கிழமை காலை, வான்கார அண்ணை சைக்கிளில் வேலணைக்குப் போயிருந்தார். ரீவியும் கொம்பியூட்டரும் முதல்நாளே மண்டபத்துக்குப் போய்விட்டன. பற்றரியைச் சாக்கில் சுற்றிச் சைக்கிள் கரியரில் வைத்து, நான் பின்னால் பிடிக்க, மண்டபத்துக்குக் கொண்டுபோனோம். பிள்ளை என் இடுப்பிலும், அதன் துணிப்பை தோளிலும் இருந்தன. மச்சாள் ஆயத்தப்படுத்திய விதத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் எவரிடமும் கண்டதில்லை. மேசையை மூன்று இடங்களில் மாற்றி வைத்துப் பார்த்தார். தெற்கு யன்னல் வெளிச்சம் ரீவிக் கண்ணாடியில் விழுகிறது என்று, மாமியின் பழைய கருநீலச் சீலையை யன்னலில் கட்டினார். என்னைக் கடைசி வாங்கில் இருத்தி, எழுத்துத் தெரிகிறதா என்று கேட்டார். தெரிகிறது, ஆனால் ஓரத்தில் மங்கல் என்றேன். வெளிச்சத்தைக் கூட்டினார். பிள்ளைகள் நடக்கும்போது கால் தட்டாமல் வயரைச் சுவரோரமாக இழுத்துக் கட்டினார். உப்புக்காற்றில் பிசுபிசுத்த, கொம்பியூட்டரின் எழுத்துக் கட்டைகளை ஒவ்வொன்றாகத் துடைத்தார். ரீவி நின்றுபோனால் என்ன செய்வது என்று, கரும்பலகையின் ஒரு மூலையில் முதல் சில வரிகளைச் சோக்கால் எழுதி வைத்தார். கசெற்றில் புரோகிராமின் ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியே பதிந்திருந்தார். அது எங்கள் கலியாண வீட்டுக் கசெற். நாதஸ்வர மேளச்சமா முடிந்த கையோடு கொம்பியூட்டர் கீச்சிடத் தொடங்கும். “உங்கடை தாலிகட்டுக்குப் பிறகு இந்தச் சத்தம்தான் பொருத்தம்,” என்றார். நான் சிரித்தபோது மடியிலிருந்த பிள்ளை திடுக்கிட்டு அழுதது.

எல்லாம் கொழுவி, ரீவியில் எழுத்து வந்ததும் பத்து நிமிடம் முடிந்துவிட்டது. “கழட்டுவமா மச்சாள்?” என்று கேட்டேனா, கேட்க நினைத்தேனா என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. மச்சாள் வெறும் வாங்குகளைப் பார்த்து நின்றுகொண்டு, “பிள்ளையள், எல்லாருக்கும் வணக்கம்,” என்று தொடங்கினார். வகுப்பு முழுவதையும் நடத்தினார்.

ஊர்காவற்றுறைத் துறையிலிருந்து அனலைதீவுக்குப் புறப்படும் வள்ளம் எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று கணக்கிடும் புரோகிராம் அது. ஒரு வரி தட்டுவார், திரும்புவார், இல்லாத பிள்ளைகளிடம் கேள்வி கேட்பார், பதிலுக்குக் காத்திருப்பார், அடுத்த வரி. ஓர் இடத்தில் வேண்டுமென்றே ஒரு மேற்கோள் குறியைத் தட்டாமல் விட்டார். ரீவி பிழை என்றது. “ஆர் கண்டுபிடிக்கிறது?” என்று கேட்டுவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு நெடுநேரம் பேசாமல் நின்றார். பிள்ளைகளுக்கு யோசிக்க எவ்வளவு நேரம் விட வேண்டும் என்பதையும் ஒத்திகை பார்த்தார். கடைசி வாங்கில் பால் கொடுத்துக்கொண்டிருந்த எனக்கு அது விசராட்டம்போலவும் இருந்தது, கோயிலில் நிற்பதுபோலவும் இருந்தது. ஏழு வருடமாக மூடியிருந்த ஓர் ஆளை அன்றுதான் நான் பார்த்தேன்.

முடிவில் வள்ளம் போய்ச்சேரும் நேரம் ரீவியில் வந்தது. அப்போது படம் இரண்டு பக்கத்தாலும் சுருங்கத் தொடங்கியது. ஓரங்களில் கறுப்பு ஏறி, எழுத்துகள் நடுங்கின. மச்சாள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். “ரீவி சூடாகிப் போச்சு,” என்று சொல்லி உடனே நிறுத்தினார். அந்த ரீவி சூடானால் முன்பும் அப்படித்தான் நடுங்கும். மின்சாரம் இருந்த காலத்திலும் நடுங்கியிருக்கிறது. ஆகவே அது பற்றரி இறங்கிய அடையாளம்தான் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது. கொம்பியூட்டரையும் ரீவியையும் மறுநாளைக்கென்று மண்டபத்திலேயே, மேசையில், இருந்தபடியே வைத்துப் பூட்டினோம். கிளிப் வயரை மட்டும் கழற்றிச் சுருட்டி, என் தோளிலிருந்த துணிப்பைக்குள் செருகினார். மத்தியானத்துக்குள் பற்றரியை வானில் திரும்பப் பூட்டிவிட்டோம். பின்னேரம் வான்கார அண்ணை வேலிக்கு மேலால் கேட்டார்: “கொழுவிப் பாத்தனீங்களோ?”

“ஓம் அண்ணை. எல்லாம் சரி,” என்றார் மச்சாள்.

அடுத்த நாள் விடியும்போது கடல் பக்கமிருந்து ஷெல் விழத் தொடங்கியது. தீவுக்குள் ஆமி இறங்கிவிட்டது, மண்டைதீவுப் பக்கமும் நிற்கிறது, யாழ்ப்பாணத்துக்குப் பண்ணைப் பாலத்தால் போக ஏலாது, அராலித்துறைக்குப் போய் வள்ளம் பிடித்தால் தப்பலாம் என்று சனம் கத்திக்கொண்டு ஓடியது. வான்கார அண்ணை எங்கள் படலையை உதைத்துத் திறந்து, “மாமியையும் பிள்ளையையும் ஏத்துங்கோ!” என்றார். வானுக்குள் அயலட்டைச் சனம் அடைந்துவிட்டது. அவர் திறப்பைத் திருப்பினார். எஞ்சின் ஒருமுறை முனகியது. இரண்டாம் முறை முனகவும் இல்லை.

“என்ன கோதாரி, நேற்றுவரை இழுத்தது!” என்று அவர் ஸ்ரியறிங்கில் அடித்தார். “இறங்கித் தள்ளுங்கோ!”

வேறெவரும் அசைவதற்கு முன் மச்சாள் இறங்கினார். பிள்ளையோடு நானும் எழும்பினேன். “நீர் இறங்காதேயும். பிள்ளையோடை இரும்,” என்றார். அப்போது அவர் வான்கார அண்ணையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு ஒரே ஓர் அர்த்தம்தான் இருந்ததா, அல்லது நான் பிறகு அதற்குள் கொண்டுபோய் வைத்த அர்த்தமா என்று தெரியவில்லை. பிள்ளையை அணைத்துக்கொண்டு திரும்பவும் சீற்றில் இருந்துவிட்டேன்.

ஒழுங்கை மணல். வான் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. பின்பக்கக் கதவு திறந்தபடி கிடந்ததால் எனக்கு அவருடைய தலையும் தோளும் தெரிந்தன. சீலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினார். தார் றோட்டில் ஏறியதும் எஞ்சின் பற்றிக்கொண்டது. வான் குதித்துப் பாய்ந்தது. தள்ளிய ஆம்பிளைகள் ஓடி வந்து தொற்றினார்கள். மச்சாள் சில அடி பின்தங்கிவிட்டார். ஓடினார். நாங்கள் எல்லோரும் ஒன்றாகக் கத்தினோம். மாமி முன்சீற்றை இரண்டு கையாலும் குத்தினார். “நிப்பாட்டடா! என்ரை பிள்ளை!”

“நிப்பாட்டினால் எஞ்சின் நிண்டிடும் அம்மா! பிறகு எடுக்கேலாது!”

பின்னால் எங்கோ ஒன்று விழுந்து புழுதி எழும்பியது. மச்சாள் ஓட்டத்தை நிறுத்திவிட்டார். றோட்டின் நடுவில் நின்று, போங்கோ போங்கோ என்று கையை வீசினார். வகுப்பில் பிள்ளைகளைக் கலைந்து போகச் சொல்வது போல. பிறகு புழுதி.

அராலித்துறையில் மாமியை வள்ளத்தில் ஏற்றவே முடியவில்லை. எங்களை இறக்கிய கையோடு வான்கார அண்ணை எவருடையதோ சைக்கிளை வாங்கித் திரும்பிப் போனார். பாதி வழியில் சனம் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டது. மச்சாளைக் கோயிலுக்குள் போன சனத்தோடு கண்டதாக ஒருவர் சொன்னார். மண்டபத்துப் பக்கம் போனதைக் கண்டதாக இன்னொருவர் சொன்னார். எழுதிக் கொடுக்க வேண்டிய இடமெல்லாம் எழுதிக் கொடுத்தோம். பதில் இல்லை. மாமி இன்றும் சமைக்கும்போது ஒரு பிடி அரிசி கூடப் போடுகிறார்.

இனி நான் சொல்ல வந்தது. வான்கார அண்ணையும் இந்த ஊரில்தான் இருக்கிறார். வான் அராலித்துறையிலேயே போய்விட்டது. இப்போது சைக்கிளில் விறகு கட்டி விற்கிறார். மாமி அவரைக் கண்டால் காறித் துப்புகிறார். “என்ரை பிள்ளையை றோட்டிலை விட்டிட்டு வந்தவன்,” என்று கோயிலில், சங்கக் கடை வரிசையில், எங்கும் சொல்கிறார். எங்கள் தீவுச் சனமும் அப்படியே சொல்லப் பழகிவிட்டது. அவருடைய மகளுக்கு வந்த ஒரு சம்பந்தம் இதைச் சொல்லித்தான் தட்டிப்போனது. அவர் எதிர்த்து ஒரு சொல்லும் பேசியதில்லை.

போன வாரம், மாமி கோயிலுக்குப் போயிருந்த நேரம், அவர் படலையில் வந்து நின்றார். அடுத்த மாதம் குடும்பத்தோடு கிளாலிக் கடலால் வன்னிக்குப் போகப்போகிறாராம். சொல்லிவிட்டுப் போக வந்தாராம். மகன் ரேடியோவுக்குச் சைக்கிள் மிதியைச் சுற்றிக்கொண்டிருந்தான். அவர் குந்தியிருந்து அந்தக் கிளிப்பைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

“நல்ல வேலை. ஆர் செய்தது?”

நான் மகனின் சேட்டை இழுத்துச் சரிசெய்தேன். அவர் கிளிப்பை விரலால் அமத்தி அமத்தி விட்டுக்கொண்டே சொன்னார்: “ஒண்டு மட்டும் எனக்கு இன்னும் விளங்கேல்லை தங்கச்சி. அது நல்ல பற்றரி. ஏன் அண்டைக்கு இழுக்கேல்லை? தண்ணி பாத்துவிட மறந்திட்டன் போலை. அந்தக் கிழமை நான் பாக்கேல்லை. அந்தப் பிள்ளை என்னாலைதான் போனது.”

தேத்தண்ணி போடுகிறேன் என்று குசினிக்குள் போனேன். கேத்தில் கொதித்து அடங்கும் வரைக்கும் அடுப்படியில் நின்றேன். வெளியே வந்தபோது மகன் அவருக்குச் சிவப்பு எங்கே, கறுப்பு எங்கே என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தான். போகும்போது அவர், “வன்னியிலை நாங்கள் போற வீட்டிலை ஒரு ரேடியோ இருக்கு, வயர்தான் இல்லை. உங்களுக்கு வேறை இருந்தால் இதைத் தாறியளோ?” என்றார். போவதற்கு முன் வந்து எடுங்கோ என்று சொல்லிவிட்டேன்.

அவரிடம் உண்மையைச் சொன்னால், ஐந்து வருடமாக அவர் சுமக்கிறது இறங்கும். ஆனால் அதை அவர் தன் மகளுக்காவது சொல்லாமல் இருப்பாரா? சொல்லாமல் இருக்கும்படி கேட்க எனக்கு என்ன உரிமை? சொன்னால் அது மாமியின் காதுக்கு வரும். மாமிக்கு மிஞ்சியிருப்பது தன் மகள் ஒரு பிழையும் செய்யாமல் போனாள் என்ற ஒன்று மட்டும்தான். அதோடு, நான் சொல்லப்போவது உண்மைதானா? வாக்குக் கொடுத்த பத்து நிமிடத்துக்கு மேல் மச்சாள் பற்றரியைப் பாவித்தது எனக்குத் தெரியும். பற்றரி அதனால்தான் இறங்கியதா என்பது எனக்குத் தெரியாது. ஒருவேளை அது பழசாகித் தானாகவே போயிருக்கலாம். ஒருவேளை வான்கார அண்ணை நினைப்பதுபோலத் தண்ணீர் வற்றியிருக்கலாம். இல்லாத ஓர் ஆளின்மேல், பதில் சொல்ல வரமுடியாத ஓர் ஆளின்மேல், நிச்சயமில்லாத ஒன்றை ஏற்றுவது சரியா? ஏற்றாமல் விட்டு, இருக்கிற ஓர் ஆளை இப்படியே கடல் கடக்க விடுவது சரியா? பிள்ளைக்குச் சோறு தீத்தும்போதும் இதுவே ஓடுகிறது. இன்னும் கொழும்பிலேயே இருக்கும் கணவருக்கு எழுதலாம் என்று தொடங்குவேன். அவருடைய அக்கா என்ற நினைவு வந்ததும் பேனையை வைத்துவிடுவேன்.

ஆகவே, ஒருவரின் பெயரும் போடாமல், இந்தப் பத்திரிகையை வாசிக்கிற உங்களிடம் கேட்கிறேன். பற்றரி, எஞ்சின் பற்றித் தெரிந்தவர்கள் என் முதல் கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: ஒரு வகுப்பு நேரம் முழுவதும், வெளிச்சம் கூட்டிய ரீவியும் கொம்பியூட்டரும் ஓடினால், அடுத்த நாள் அந்தப் பற்றரி ஒரு வானை இழுக்குமா, இழுக்காதா? மற்றவர்கள், முக்கியமாகப் பிள்ளை பெற்றவர்கள், மற்றக் கேள்விக்கு எழுதுங்கள். வான்கார அண்ணை இந்த வயருக்காக வரப்போகிறார். சிவப்புக் கிளிப்பையும் கறுப்புக் கிளிப்பையும் அவர் கையில் வைக்கும்போது, இதைச் செய்தது ஆர் என்று அவர் மறுபடியும் கேட்பார். அப்போது நான் எவ்வளவு சொல்லவேண்டும்? தயவுசெய்து அவர் வருவதற்கு முன் எழுதுங்கள்.